பயறுக்கு ஜவ்வரிசி சமம் என்று எழுதியவன்

ஜவ்வரிசி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்குகிறவன் நான். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது என்று நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கோபம் ஒரு தாளின் மீது. அந்தத் தாளின் அடியில் இருப்பது என் கையெழுத்து.

போன மாதம் ஒரு காலையில், கோவில்பத்தில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தமிழ்ச்செல்வி போன் செய்தார். காரைக்கால் வட்டாரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் நான் உணவியல் அலுவலராக இருந்தேன். நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் அவர். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் குற்றம் கட்டடத்தின் மேல் ஏறிவிடும். நான் கீழே இறங்கிக்கொள்வேன்.

"சார், ஒரு சந்தேகம். 'பச்சைப்பயறுக்குப் பதில் ஜவ்வரிசி கொடுக்கலாம், உணவு மதிப்பில் இரண்டும் சமம்'னு ஒரு சான்று ஃபைல்ல இருக்கு. இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாம்மா."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இல்ல சார், வேற யாராவது போட்டிருப்பாங்களோன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காப்பாற்றப் பார்த்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். நோயாளிகளுக்குக் காலை பத்து மணிக்கு முளைகட்டிய பயறுச் சுண்டல் கொடுக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கலாம் என்று புதிதாக வந்த நிர்வாகி சொல்கிறார். தன் செல்போனில் இரண்டு உணவையும் கலோரியில் ஒப்பிடும் ஒரு பக்கத்தைத் திறந்து, "பாருங்க மேடம், ஜவ்வரிசிதான் கூட" என்று காட்டியிருக்கிறார். தமிழ்ச்செல்வி புரதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். உடனே நிர்வாகி பழைய ஃபைலை எடுத்து என் சான்றைக் காட்டி, "உங்க சீனியரே எழுதிக் குடுத்திருக்காரு, அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அறங்காவலர் குழு கூடுகிறது.

"அது இப்ப பொருந்தாதுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் சார்" என்றார்.

இப்போது பொருந்தாது என்று எப்படி எழுதுவது? அது அப்போதும் பொருந்தவில்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

தெரிந்தது எப்படி என்றால், படித்த முதல் வருடத்திலேயே தெரியும். உணவு வேதியியல் வகுப்பில் கலோரிமானி என்று ஒரு கருவி உண்டு. எஃகுக் குண்டானுக்குள் உணவுப்பொருளை ஒரு சிட்டிகை வைத்து, பிராணவாயு நிரப்பி, மின்சாரப் பொறியால் கொளுத்துவோம். சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தால் அந்த உணவின் கலோரி கிடைக்கும். ஒருநாள் எங்கள் பேராசிரியை எதுவும் சொல்லாமல் ஒரு பழுப்பு நிறத் தூளைக் கொடுத்தார். எரித்தோம். பயறுக்குக் குறையாத சூடு வந்தது. "நல்ல உணவு மேடம்" என்று எங்களில் ஒருவன் சொன்னான். "தச்சுப் பட்டறையிலேருந்து அள்ளிட்டு வந்த மரத்தூள். மதியம் சாப்பிட வர்றியா?" என்று கேட்டார் அவர். கலோரிமானிக்கு வயிறு கிடையாது, எரிந்தால் போதும் அதற்கு. மனிதனுக்கு எரிக்கவும் வேண்டும், சதை வளர்க்கவும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் என் அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். நானும் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன்.

அந்த மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. சமையலறையிலும் வார்டிலும் மரக்கறி மட்டும்தான். மீன், முட்டை, கறி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. நிறுவியவர்களின் நம்பிக்கை அது; அதன் மேல் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இது கடற்கரை ஊர். இங்கே படுத்தவன் எழுந்தால் வீட்டார் முதலில் வைப்பது மீன் குழம்பு. அதைத் தடுத்த இடத்தில் புரதத்துக்கு வேறு வழி இருந்தாக வேண்டும். பால் காபிக்கே சரியாகப் போகும். சாம்பாரில் பருப்பு இருந்தது, தேடினால் கிடைக்கும். மிச்சமிருந்தது பத்து மணிச் சுண்டல்தான்.

அதை நாங்கள் செய்த முறையைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஐம்பது கிராம் உலர்ந்த பயறு. மாலை நான்கு மணிக்கு நானே தராசில் நிறுத்துக் கொடுப்பேன். கல், வண்டு பார்த்துப் புடைத்து, மூன்று தண்ணீர் கழுவி ஊறப்போடுவார்கள். மறுநாள் காலை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்கடுத்த நாள் காலையில் பயறு வெள்ளை மூக்கு நீட்டியிருக்கும். ஆவியில் வேகவைத்து, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ தூவினால் சுண்டல். ஆக எந்த நாளும் ஒரு பயறு ஊறிக்கொண்டிருக்கும், ஒரு பயறு மூட்டையில் முளைத்துக்கொண்டிருக்கும், ஒரு பயறு வெந்துகொண்டிருக்கும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். தலைமைச் சமையல்காரர் சரோஜா அம்பகரத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவருக்கு ஓர் உதவியாள் இருந்தார். அந்த உதவியாள் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தை நிரப்பவில்லை. கதை அங்கே தொடங்குகிறது.

அப்போது நிர்வாகியாக இருந்தவர் வைத்திலிங்கம். அவரைக் கொடுமைக்காரர் என்று எழுத முடிந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் உள்ளே போனாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "வாங்க, வாங்க" என்பார். எந்தக் கடிதத்தையும் மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தித்தான் படிப்பார். என்னை "நம்ம சயின்டிஸ்ட்" என்று அழைப்பார், அதுவும் நாலு பேர் முன்னால். அந்த ஊரில் வேறு யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. மற்றவர்களுக்கு நான் சாப்பாட்டு சார்.

ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். உணவு மதிப்பு அட்டவணையோடு போனேன்.

"உக்காருங்க. காபி சொல்லியிருக்கேன். சரோஜா ஒண்டியா கஷ்டப்படுதுங்க. சுண்டல விட்டுட்டு ஜவ்வரிசிக் கஞ்சி வெச்சா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும். நோயாளிக்கும் வயித்துக்கு இதமா இருக்கும். நீங்க என்ன சொல்றீங்க?"

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்க சார்."

"எங்க, அத காட்டுங்க."

அட்டவணையில் இரண்டு வரிசையையும் காட்டினேன். நூறு கிராம் ஜவ்வரிசிக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது கலோரி. நூறு கிராம் பச்சைப்பயறுக்கு முந்நூற்று முப்பத்தைந்து அளவில். அடுத்த கட்டம் புரதம். பயறில் இருபத்துநான்கு கிராம். ஜவ்வரிசியில் கால் கிராம்கூட இல்லை.

வைத்திலிங்கம் தன் ஸ்கேலை எடுத்தார். எப்போதும் படுக்கவைப்பவர், அன்று நிமிர்த்திவைத்தார். புரதக் கட்டம் ஸ்கேலுக்கு அடியில் போய்விட்டது. கலோரி மட்டும் தெரிந்தது.

"இதுல எது கூடுதல்?"

"இத மட்டும் பாத்தா, ஜவ்வரிசிங்க."

"அப்ப நோயாளிக்கு நாம கூட்டித்தானே குடுக்குறோம்? கொறைக்கலையே?"

"பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்குங்க சார்."

"இருக்கும், இருக்கும். கட்டம் எத்தனையோ இருக்கும். அறங்காவலருங்கள்லாம் வயசானவங்க, பத்துக் கட்டத்தக் காட்டுனா தலை சுத்திப் போயிரும். ஒண்ணு போதும். நீங்க எழுதிட்டீங்கன்னா யாரும் மறுகேள்வி கேக்க மாட்டாங்க. சயின்டிஸ்ட் சொன்னா சரிதான்."

காபி வந்தது. குடித்தேன். எழுதினேன். 'உணவு மதிப்பில் சமம். கலோரி அளவில் ஜவ்வரிசி சற்றுக் கூடுதல்.' ஒரு சொல்கூடப் பிழையில்லாத தமிழ்.

பயந்து எழுதினேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயப்படவும் இல்லை. வேலை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, என் கையை யாரும் முறுக்கவில்லை. ஒருவர் என்னிடம் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதை கெட்டுவிடக் கூடாதே என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இத்தனை வருடம் தேடியும் இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள் கஞ்சியை ஊற்றும்போதே சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நூறு கிராம் நூறு கிராமுன்னு எழுதியிருக்கீங்களாமே, நூறு கிராம் ஜவ்வரிசிய காச்சுனா ஒரு குண்டான் வரும். எந்த நோயாளி சார் ஒரு குண்டான் குடிக்கிறான்? இந்த டம்ளர்ல இருவத்தஞ்சு கிராம் இருந்தா அதிகம். மிச்சம் நம்ம கொழாத் தண்ணி. கொழாத் தண்ணிக்கு எத்தன கலோரி சார்?"

"சர்க்கரை போடுறோம்ல."

"ஆமா. எறும்பு நல்லா கொழுக்கும்."

உதவிக்கு வந்த மாற்றத்தை உதவி பெற்றவரே ஏற்கவில்லை. அவர் சொன்னதும் சரி. உலர்ந்த எடைக்கு உலர்ந்த எடை ஒப்பிட்டேன். பயறு ஐம்பது கிராம் போன இடத்தில் ஜவ்வரிசி இருபத்தைந்து கிராம் போயிற்று. சர்க்கரையைச் சேர்த்தாலும் பழைய கலோரியை எட்டாது. நான் பெருமையாகக் காட்டிய அந்த ஒற்றைக் கட்டத்திலும் பொய்தான் இருந்தது. படிக்காத ஒரு பெண் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் போலகத்திலிருந்து கலியமூர்த்தி வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம். சேற்றுழவின்போது டிராக்டரின் இரும்புச் சக்கரம் இடது கணுக்காலுக்கு மேல் சதையைக் கிழித்திருந்தது. வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டுத் தாமதமாகத்தான் வந்தார். வாய் ஓயாத மனிதர். கஞ்சி டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "சார், இதுக்குள்ள ஜவ்வரிசி நீந்துதா, முங்கிடுச்சா?" என்பார். என்னைக் கண்டால் பக்கத்துக் கட்டில்காரரிடம், "டேய், கஞ்சி சார் வர்றாரு, எந்திரிச்சு உக்காரு" என்பார். அந்தப் பெயர் வார்டு முழுக்கப் பரவியது.

புண் ஆற வேண்டுமானால் உடம்பு புதிய சதையை நெய்ய வேண்டும். நெசவுக்கு நூல் புரதம். அவருக்கு நான் நூல் கொடுக்கவில்லை, அடுப்புக்கு விறகு கொடுத்தேன், அதையும் அரைகுறையாக. மூன்றாவது வாரமும் அது ஆறுகிற புண்ணைப் போலச் சிவக்கவில்லை. வெளுத்துப் போய் ஈரமாகவே இருந்தது. அடிபடாத வலது காலிலும் வீக்கம் வந்தது. நர்ஸ் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்தக் குழியை நான் பார்த்தேன். புரதம் குறைந்த உடம்பில் கோக்கும் நீர் அது என்று எனக்குத் தெரியும்.

அவர் மனைவி அஞ்சம்மாள் ஒருநாள் மத்தியானம் தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். காவலாளிக்கு வாசனை எட்டிவிட்டது. நான் அந்த வழியாக வந்தேன்.

"என்னம்மா அது?"

"கொழம்புங்க."

"என்ன கொழம்பு?"

"மீனுங்க சார். கொடுவா. அவருக்கு வாயெல்லாம் கசக்குதுங்கறாரு. ரெண்டே துண்டுதாங்க."

"இங்க மரக்கறி மட்டும்தான்னு போர்டு இருக்குல்ல?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

அதோடு விட்டிருக்கலாம். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பியிருந்தால் பாதிப் பாவம்தான். ஆனால் நான் படித்தவன் அல்லவா? அவருக்குப் பாடம் நடத்தினேன். "உள்ள குடுக்குற கஞ்சியில என்ன சத்து இருக்குன்னு தெரியுமா? பயறவிட கூடுதல். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் குடுக்குறோம். மீனுல்லாம் வேண்டாம்மா, கஞ்சியே போதும்."

"கஞ்சி தண்ணியாத்தானேங்க இருக்கு?" என்றார். அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டார். நான் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது வேலியோரமாகப் போய் எதையோ கொட்டிக்கொண்டிருந்தார்.

மீனைத் தடுக்கிறவனுக்குப் பயறு கொடுக்கும் கடமை இருக்கிறது. இரண்டையும் பறித்துக்கொண்டு, கையில் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பினேன்.

அறுவை மருத்துவர் ஒருநாள் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "கலியமூர்த்திக்கு ரத்தத்துல புரதம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. சாப்பாடு என்ன போவுது?"

"கலோரி கொறையாமப் போவுது டாக்டர்."

"நான் கலோரிய கேக்கல."

"பாக்குறேன் டாக்டர்."

பார்த்தேன். நேராக வைத்திலிங்கத்தின் அறைக்குப் போனேன். சுண்டலை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தொடங்கலாமே. ஆனா சமம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இப்ப சமமில்லன்னா அன்னிக்கி எழுதுனது என்னன்னு கேப்பாங்க. அதுக்கும் சேத்து ஒரு கடிதம் எழுதிருங்க. நான் தடுக்க மாட்டேன்."

ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் இருக்க ஸ்கேலையும் வைத்தார்.

நான் எழுதவில்லை. "நாளைக்கு எழுதித் தர்றேங்க" என்றேன். அந்த நாளைக்கு வரவில்லை. 'நான் தெரிந்தே தவறாக எழுதினேன்' என்ற வரியை எப்படிச் சுற்றி எழுதுவது என்று யோசித்தேன். சுற்று வழி இல்லாததால் எழுதாமலே விட்டேன். தினமும் வார்டுக்குப் போனேன். கலியமூர்த்தியின் கேலி குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது.

தொடையிலிருந்து எடுத்துப் புண்மேல் ஒட்டிய தோல் பிடிக்கவில்லை. சீழ் எலும்புவரை போனது. காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

"சேத்துக் காயம், லேட்டா வந்தாங்க, சாப்பாடு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். உண்மைதான். பயறு கொடுத்திருந்தாலும் கால் போயிருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் நன்றாகத் தூங்கினேன் என்று நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. ஒரு மனிதனின் காலைக் காப்பாற்ற முடியாமல் போவது வேறு. காப்பாற்றக்கூடிய ஒன்றை அவன் வாயிலிருந்து எடுத்துவிட்டு, காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்லிக்கொள்வது வேறு.

வைத்திலிங்கம் ஓய்வுபெற்றார். சமையலறைக்கு உதவியாள் வந்தார். யாரையும் கேட்காமல் சரோஜா ஒரு மாலை பயறை ஊறப்போட்டார். "என்ன சார், ஊறப்போடலாம்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தராசை எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம். சுண்டல் திரும்ப வந்ததால் சான்றை யாரும் தேடவில்லை. அது ஃபைலுக்குள் சாகாமல் படுத்திருந்தது. நான் மாலை, சால்வையோடு ஓய்வுபெற்றேன். 'நோயாளிகளின் பசியறிந்தவர்' என்று வாழ்த்து மடலில் அச்சடித்திருந்தார்கள்.

இப்போது அந்த ஒற்றைக் கட்டம் எல்லார் கையிலும் இருக்கிறது. பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில் செல்போனைத் தட்டி, இது நூறு கிராமுக்கு இவ்வளவு, அது அவ்வளவு, ஆகவே இது அதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். சொந்த வயிற்றுக்குச் சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த வேளை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தவன் தட்டைப் பார்த்து அப்படித் தீர்ப்பெழுதுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றி எரிகிறது. படுத்திருக்கிறவன் தட்டை மாற்ற முடியாது. வைத்ததைத்தான் தின்ன வேண்டும். அவன் சார்பில் எல்லாக் கட்டத்தையும் படிக்கத்தான் நமக்குச் சம்பளம்.

தமிழ்ச்செல்வி போன் செய்த மறுநாள் எழுத உட்கார்ந்தேன். புரதம், கலோரி, உலர்ந்த எடை, டம்ளர் எடை எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கலியமூர்த்தியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. கேட்காமல் எழுதக் கூடாது என்று பட்டது. டி.ஆர்.பட்டினம் பஸ் ஏறிப் போலகம் போனேன்.

வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். அறுபதைத் தொட்டுவிட்ட முகம். பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"அடடே, கஞ்சி சாரு! வாங்க, வாங்க. என்னாங்க, இப்பவும் கையில டம்ளர் வெச்சிருக்கீங்களா?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. உள்ளேயிருந்து அஞ்சம்மாள் வந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேல், சான்று, வெள்ளைத் தாள், எல்லாம்.

"போனது போச்சு, விடுங்க சார்" என்றார் கலியமூர்த்தி. "ஒரு காலுக்குத்தான் செருப்பு தேயுது. லாபந்தான்."

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் சிரிப்பு." அஞ்சம்மாள் என் பக்கம் திரும்பினார். "தெரியாமப் பண்ணீங்களா சார்?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான்."

"தெரியாமன்னு சொல்லியிருந்தீங்கன்னா இப்பவே போங்கன்னு சொல்லியிருப்பேன்." நான்கு விரலை நீட்டினார். "நாலு தடவ கொண்டாந்தேன் சார், மீனு. நாலு தடவயும் நீங்கதான் திருப்புனீங்க."

எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருந்தது.

"நாலு தடவயும் அந்த வேலியோரம்தான் கொட்டுனேன். சொறி புடிச்ச நாயி ஒண்ணு வரும். அப்பறம் நான் வெறுங்கையோட வந்தாலும் வாலாட்டிக்கிட்டு வந்து நிக்கும். அது தேறிப் போச்சு சார். முடியெல்லாம் மொளச்சுப் போச்சு. உள்ள இவருக்குப் புண்ணு அப்படியே கெடக்கு. அந்த நாயப் பாத்துப் பாத்து அழுவேன்."

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். இந்த விஷயம் அவருக்கே புதிது போலிருந்தது.

"பேரப் போடுங்க" என்றார் அஞ்சம்மாள். "இவரு பேரு, எம்பேரு, ரெண்டையும் போடுங்க. ஆனா அந்தப் பயறு கஞ்சி கதைய மட்டும் எழுதிட்டுப் போயிராதீங்க. மீனத் திருப்பி அனுப்புனேன்னும் எழுதுங்க. நாலு தடவன்னு எழுதுங்க."

வந்து எழுதினேன். வியாழக்கிழமை கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். தமிழ்ச்செல்வியும் கூட வந்தார். புதிய நிர்வாகி சின்ன வயது. நல்ல பிள்ளை. எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். முழுவதையும் படித்தார்.

"இத வாங்கிக்கிட்டா பழைய சான்று நிக்காது சார். கமிட்டியில சுண்டல் நிறுத்துற பேச்சே எடுக்க முடியாது."

"நிக்கக் கூடாதுன்னுதான் கொண்டாந்திருக்கேன்."

"சரிங்க சார். தொழில்நுட்பமா மேல எழுதியிருக்கீங்களே, புரதம், அளவு எல்லாம், அது ரொம்பத் தெளிவா இருக்கு. அது போதுமே. கீழ இந்த நோயாளி பேரு, தெரிஞ்சேதான் எழுதுனேங்கறது, இந்த மீன் சமாச்சாரம்... இதெல்லாம் எதுக்கு? ஒங்களுக்குத்தானே அசிங்கம்?" அக்கறையோடுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே உள்ளங்கையைக் கடிதத்தின் கீழ்ப்பாதியில் வைத்து மூடினார். "இதோட நிறுத்தி ஒரு பிரிண்ட் எடுத்துரலாம் சார். அஞ்சு நிமிஷம்."

மேல்பாதி மட்டும் தெரிந்தது. எல்லா எண்களும் சரியாக இருந்தன.

"கைய எடுங்க தம்பி" என்றேன்.

என்னைப் பார்த்தார். தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். கையை எடுத்தார். தமிழ்ச்செல்வி 'பெறப்பட்டது' என்ற தேதி முத்திரையை மையில் அழுத்தி, 'நான்கு முறை' என்று முடியும் கடைசி வரிக்குக் கீழே குத்தினார்.